மலைக்கு அந்தப் பக்கம் ஓர் இரவு

பினாங்கில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் "ரவுண்ட் ஐலண்ட்" என்று சொன்னால் போதும், உடனே நேரக்கணக்கு வந்துவிடும். சுமார் 70 கிலோமீட்டர். விடியுமுன் ஜார்ஜ் டவுனில் கிளம்பி, தீவை ஒரு சுற்றுச் சுற்றி, வெயில் ஏறுவதற்குள் திரும்பி, ரொட்டி சானாய்க் கடையில் உட்கார்ந்து கைபேசியில் சராசரி வேகத்தைக் காட்டிக்கொள்வார்கள். பல வருடம் நானும் அப்படிச் சுற்றியவன்தான். பாலிக் புலாவ் எனக்குத் தண்ணீர்ப் போத்தலை நிரப்பும் இடமாக மட்டுமே இருந்தது.

அந்த ஊர்ப்பெயருக்கு மலாயில் தீவின் பின்புறம் என்று பொருள். ஜார்ஜ் டவுனுக்கும் அதற்கும் நடுவே தீவின் முதுகெலும்பு போல மலைத்தொடர் கிடக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் கட்டடமும் காரும். அந்தப் பக்கம் வயல், டுரியான் தோப்பு, மீனவர் கம்பம். இதே 70 கிலோமீட்டரை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஓர் இரவை அந்தப் பக்கத்தில் கழிப்பது எப்படி என்று இந்த அத்தியாயம் சொல்லப்போகிறது. ஒரே மூச்சில் சுற்றக்கூடியதை ஏன் இரண்டு நாளாக்க வேண்டும் என்று கேட்பவர்கள் மாலை ஆறரை மணிக்கு மேற்குக் கரையில் நின்றதில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்படித் தேவையானதைச் சைக்கிளின் உடம்பிலேயே கட்டிக்கொண்டு, தங்கித் தங்கிப் போவதை உலகம் பைக்பேக்கிங் என்கிறது. பின்சக்கரத்துக்கு மேல் இரும்புக் கேரியர் இல்லை. இருக்கைக்குப் பின்னால் ஒரு நீளப் பை, கைப்பிடியில் ஒரு சுருள், சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு பை, அவ்வளவுதான். 1987-இல் அலாஸ்காவில் தொடங்கிய பனிக்காலச் சைக்கிள் பந்தயம் போன்ற இடங்களில்தான் இந்த மென்பைகள் உருப்பெற்றன என்பார்கள். சைக்கிளில் பாரம் கட்டுவதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பெங்காலி ரொட்டியையும் பிஸ்கட்டையும் முறுக்கையும் தொங்கவிட்டுத் தாமான் தாமானாகப் போன ரொட்டிக்காரர்கள் இந்தத் தீவின் முன்னோடிகள். அவர்கள் பாரத்தைத் தாழ்வாகவும் இரு பக்கமும் சமமாகவும் கட்டினார்கள். அந்த விதி இன்றும் மாறவில்லை.

எந்த மலை?

இந்தத் துறையில் வரும் ஆங்கில நூல்களில் பெரும்பாலானவை மரமே இல்லாத மேட்டுப் புல்வெளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் அப்படிப்பட்ட நிலங்களில் மழையும் காற்றும் சேர்ந்து மனிதனைக் குளிரில் விறைக்கவைத்துவிடும். ஆகவே கூடாரம், உறைபை, அடுப்பு, கம்பளிச் சட்டை என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு பினாங்கில் கிளம்பினால் தெலுக் பாஹாங் ஏற்றத்தில் அதற்கான விலையைக் கொடுப்பீர்கள். நான் கொடுத்தேன். முதல் தடவை 14 கிலோ கட்டிக்கொண்டு போனேன். பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது, பழக்கடை போட்டிருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் மூட்டைகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வீடு மாத்துறீங்களா?" என்றார். அடுப்பும் பாத்திரமும் இருப்பதைச் சொன்னேன். "அந்தப் பக்கம் இறங்குனா கடை இருக்கே" என்றார். அந்த ஒரு வரிதான் இந்த அத்தியாயத்தின் அடித்தளம். இங்கே நம்மைப் படுத்துவது வெக்கை, ஈரம், திடீர் மழை. குளிரும் பசியும் அல்ல. அடுத்த கோப்பிக்கடை எப்போதும் சில கிலோமீட்டரில் இருக்கிறது. முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது: செய்யும் தவறுகளுக்குத் தண்டனை குறைவு.

மலை என்றதும் பலருக்குக் கொடிமலைதான் நினைவுக்கு வரும். உச்சி 833 மீட்டர். 1923-இல் இழுவை ரயில் வந்தது. மேலே முருகன் கோயிலும் உண்டு. தாவரவியல் பூங்காவின் வாசலருகே தொடங்கும் ஜீப் பாதை 5 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் 600 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. வெறும் சைக்கிளில் ஏறுகிறவர்கள் உண்டு. மூட்டை கட்டிய சைக்கிளில் வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழந்தால் அந்தச் சரிவில் நிறுத்த வேறு வழி இல்லை. 2017 நவம்பர் பெருமழையில் இந்த மலையில் மண் சரிந்து பாதை மூடப்பட்டதையும் மறக்க வேண்டாம். கொடிமலைக்குக் காலாற நடந்து போங்கள், அல்லது ரயிலேறுங்கள்.

உண்மையான மேட்டுநிலம் வேண்டும் என்கிறவர்களுக்குக் கேமரன் மலை இருக்கிறது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுவதும் ஏற்றம். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்க் குடும்பங்களின் உழைப்பு அந்த மலைச்சரிவுகளில் கிடக்கிறது. இரவில் குளிரும், அங்கே ஜாக்கெட் வேண்டும். அது இரண்டாவது பயணம். தீவின் பின்புறம் போய் ஒரு தடவை தங்கி வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

ஆகவே நம் பாதை இது: ஜார்ஜ் டவுனிலிருந்து வடகரை வழியாகத் தெலுக் பாஹாங், அங்கிருந்து மலையைக் கடந்து பாலிக் புலாவ், இரவு, மறுநாள் வயல்வெளிகளைச் சுற்றிவிட்டுத் தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ் வழியாக வீடு.

எப்போது கிளம்புவது

சனிக்கிழமை விடியலில் கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புங்கள். திசையையும் நாளையும் சேர்த்தே யோசித்து வைத்த கணக்கு இது. வடகரையின் பத்து ஃபெரிங்கிச் சாலை கடலுக்கும் மலைக்கும் நடுவே வளைந்து போகும் ஒடுங்கிய சாலை. விடுமுறைக்காரர்கள் எழுந்து காரை எடுப்பதற்குள் அதைக் கடந்துவிட வேண்டும். தெற்கே பாயான் லெப்பாசில் 1972-இல் தொடங்கிய தொழிற்பேட்டை இருக்கிறது. வேலை நாட்களில் ஷிப்ட் மாறும் நேரத்தில் அங்கே சைக்கிள் ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். ஞாயிறன்று அது அடங்கியிருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலிருந்து வரும் வாசகர்கள் ஆறு மணிக்கு விடிந்துவிடும் என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே விடியாது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது; அதனால் பினாங்கில் சூரியன் மாதத்துக்கு ஏற்ப ஏழு மணியிலிருந்து ஏழரைக்குள்தான் தலைகாட்டுகிறது. ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரம் இருட்டில் ஓட்டுவீர்கள். முன்விளக்கும் பின்விளக்கும் இல்லாமல் கிளம்பாதீர்கள். இதே கடிகாரம் மாலையில் நமக்கு உதவுகிறது: ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும்.

மாதங்களில் ஜனவரி, பிப்ரவரி உலர்ந்தவை, அதே அளவுக்குச் சுடுபவை. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். மற்ற மாதங்களில் மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். மதியத்துக்குள் மலையைக் கடந்துவிட்டால் அது உங்கள் பிரச்சினை இல்லை. சில ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்து கவியும். மலை தெரியாத அளவுக்குக் காற்று மங்கினால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மூச்சிரைக்க ஏறும்போது அந்தப் புகையைத்தான் இழுப்பீர்கள்.

தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் தண்ணீர்மலைப் பக்கம் சாலைகள் மூடப்படும். சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் கடைகள் அடைத்திருக்கும், அறைகள் நிறைந்திருக்கும். நோன்பு மாதத்தில் பாலிக் புலாவின் மலாய்க் கடைகள் பகலில் மூடியிருக்கும், மாலைச் சந்தை மட்டும் களைகட்டும்; பகல் உணவுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். டுரியான் காலம், அதாவது ஏறக்குறைய மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, மலைச்சாலையில் கார்களும் லோரிகளும் கூடும். ஆனாலும் எனக்குப் பிடித்த பருவம் அதுதான். காரணத்தைச் சொல்லத் தேவையில்லை.

என்ன கட்டுவது

சைக்கிள் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. மிகச் சிறிய கியரில் முன்பல்லும் பின்பல்லும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இருந்தால் மலை ஏறிவிடலாம். டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். வயல் வரப்புச் சாலைகளில் கல்லும் குழியும் உண்டு. பிரேக் கட்டையை மாற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், மாற்றிவிடுங்கள்.

மொத்தப் பாரம் தண்ணீர் நீங்கலாக 5 கிலோவைத் தாண்டக் கூடாது. தங்குவது ஹோம்ஸ்டேயில் என்பதால் கூடாரம் கிடையாது. கூடாரம் போடத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: 2003-இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவில் கெராச்சுட் கடற்கரையில் தங்க முன் அனுமதி வாங்க வேண்டும், அங்கே போகும் பாதை வேரும் படிக்கட்டுமாக இருக்கிறது, சைக்கிளோடு போக முடியாது. யாருடைய தோப்பிலாவது சொல்லாமல் கொள்ளாமல் கூடாரம் அடிப்பது அத்துமீறல் மட்டுமில்லை. டுரியான் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் விழும். மரத்தடியில் வலை கட்டிவைத்திருக்கிறார்கள் என்றால் அது பழத்துக்காக. உங்கள் தலைக்காக இல்லை.

உறைபைக்குப் பதில் ஒரு கைலி. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. போர்வை அதுதான், துண்டு அதுதான், ஆற்றங்கரையில் உடை மாற்றும் மறைப்பும் அதுதான். மாலையில் கம்பத்துக் கடைக்கு இறுகிய சைக்கிள் கால்சட்டையோடு போய் உட்காராமல், கைலி கட்டிக்கொண்டு போனால் கடைக்காரரும் நிம்மதியாகப் பேசுவார். இதோடு இரவுக்கு ஒரு சட்டை, மறுநாளுக்கு ஒரு ஜோடி ஓட்டும் உடுப்பு, மழைச்சட்டை, ஒரு ஜோடி செருப்பு. மழைச்சட்டை உங்களை நனையாமல் காக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளே வியர்வையில் நனைவீர்கள். நீண்ட இறக்கத்தில் காற்று தாக்காமல் இருக்கத்தான் அது. உண்மையில் நனையக் கூடாதவை கைபேசியும் காய்ந்த உடுப்பும் மட்டுமே. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அதற்கு மேல் பையில் வையுங்கள். கடையில் விற்கும் நீர்புகாப் பை நல்லதுதான். தடித்த குப்பைப் பையும் அதே வேலையைச் செய்யும்.

கருவிகளில் கை வைத்துக் குறைக்காதீர்கள். இரண்டு டியூப், ஒட்டுத்துண்டு, டயர் கழற்றி, காற்றுப் பம்பு, மடக்குச் சாவித் தொகுதி, செயின் இணைப்பு ஒன்று. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை இந்தத் தீபகற்பத்தில் சைக்கிளில்தான் தெற்கே இறங்கியது. டயர் பஞ்சரானால் வெறும் ரிம்மிலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்த மாதம் 19-ஆம் தேதி பினாங்கு அவர்கள் கையில். நமக்கு அவ்வளவு அவசரம் இல்லை. பஞ்சர் ஒட்டத் தெரியாதவர் வீட்டில் இரண்டு முறை ஒட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும்.

கொசுவிரட்டி கட்டாயம், டெங்கி இங்கே எப்போதும் இருக்கிறது. உட்காரும் இடத்தில் தோல் உரசிப் புண்ணாகாமல் இருக்கக் களிம்பு, உப்புச்சர்க்கரைப் பொடி நான்கு பொட்டலம், சிறிய கட்டு, காயத்துக்கு மருந்து. தண்ணீர் 2 லிட்டர். அருவித் தண்ணீரைக் குடிக்காதீர்கள். எலிக்காய்ச்சல் வந்து படுத்தவர்கள் உண்டு. பெட்ரோல் நிலையங்களில் தண்ணீரும் 100 பிளஸும் கிடைக்கும், கழிப்பறையும் உண்டு.

எல்லாவற்றையும் கட்டிமுடித்த பின், முந்தின வாரமே ஒரு சோதனை. ஆயர் ஈத்தாம் அணைக்குப் போகும் சாலையில் மூட்டையோடு ஏறிப் பாருங்கள். செங்குத்தான சாலை. முழுவதும் ஏற வேண்டியதில்லை. இருக்கைப் பை ஆடுகிறதா, முழங்கால் உரசுகிறதா, இறங்கும்போது கைப்பிடிச் சுருள் பிரேக் கம்பியை அழுத்துகிறதா என்று பார்ப்பதற்காகத்தான். ஆடும் பைக்கு மருந்து ஒன்றுதான்: கனமானதை இருக்கையை ஒட்டியும், லேசானதைக் கடைசியிலும் அடுக்குவது.

சனிக்கிழமை

எதிர்க்கரையில், பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் படகில் வர வேண்டும். தீவுக்கு வரும் இரண்டு பாலங்களிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய புதிய படகுகள் கார் ஏற்றுவதில்லை, ஆனால் சைக்கிளை ஏற்றிக்கொள்ளும்.

ஆறு மணிக்கு ஜார்ஜ் டவுன். கடையில் வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் இரண்டு வாங்கி முன்பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஒன்று இப்போதே பசியாற, மற்றது மலை உச்சிக்கு. தஞ்சோங் தொக்கோங், தஞ்சோங் பூங்கா வரை சாலை அகலம். அதற்குப் பிறகு வளைவுகள் தொடங்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் மலைச்சுவரை ஒட்டிப் போவோம். கடல் சாலையின் மறுபக்கம் இருக்கும். விடியல் கடலைப் படமெடுக்க வளைவில் சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள். நிறுத்த இடமுள்ள கடற்கரைகள் வழியில் போதிய அளவு வரும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் தெலுக் பாஹாங். முதல் 20 கிலோமீட்டரில் வேகம் காட்டியவர்கள் அடுத்த பகுதியில் வருத்தப்படுவார்கள்.

தெலுக் பாஹாங் சுற்றுவட்டத்தில் நேரே போனால் மீனவர் கம்பமும் தேசியப் பூங்காவும். நாம் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தாண்டினால் 1999-இல் கட்டிமுடித்த அணை. அணைக்கட்டின் மேல் ஏறிப் பார்த்துவிட்டு, போத்தல்களை நிரப்பியிருக்கிறோமா என்று உறுதிசெய்துகொண்டு மலைக்குள் நுழையுங்கள். இங்கிருந்து உச்சி வரை நிழல். இரண்டு பக்கமும் மரங்கள் சாலைக்கு மேல் கைகோத்திருக்கும். ஊரில் பத்து மணி வெயில் கொளுத்தும்போதும் இங்கே எட்டரை மணிக் காற்று இருக்கும். ஏறும் உயரம் 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். அதை ஒரு மணி நேரத்தில் ஏறினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. மூச்சு வாங்கினால் வளைவில் நிற்காமல், வளைவு முடிந்து பின்னால் வரும் வண்டி நம்மைப் பார்க்கக்கூடிய நேர்ப்பகுதியில் நில்லுங்கள்.

குரங்குகள் வரும். சாதாரணக் குரங்குகள் துணிச்சல் உள்ளவை. பிளாஸ்டிக் பையின் சரசரப்பைக் கேட்டாலே ஓடிவரும். இரண்டாவது நாசி லெமாக்கை அவற்றின் முன்னால் பிரிக்காதீர்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள கரிய குரங்கு மரத்தின் மேலேயே இருக்கும், எதற்கும் வராது. அமைதியாக நின்றால் அதுவும் நம்மை அமைதியாகப் பார்க்கும்.

உச்சிப் பக்கம் பழத்தோட்டம், அதைக் கடந்து இறங்கும் வழியில் தித்தி கெராவாங் அருவி, அருவியைச் சுற்றிப் பழக்கடைகள். ஜாதிக்காய்ச் சாறு கேட்டு வாங்கிக் குடியுங்கள். அதற்குப் பிறகுதான் இறக்கம் உண்மையில் தொடங்குகிறது. ஈரச் சருகு, எதிரே வரும் லோரி, பின்னால் பொறுமையிழந்த கார். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்காமல் விட்டுவிட்டுப் பிடியுங்கள். மூட்டை கட்டிய சைக்கிள் நிற்க அதிகத் தூரம் எடுக்கும் என்பதை முதல் வளைவிலேயே உணர்ந்துவிடுவீர்கள். அதை மெதுவான வேகத்தில் உணர்வது நல்லது.

பதினொரு மணிக்குள் பாலிக் புலாவ். இங்கே லக்சா சாப்பிடாமல் போனவர் வந்ததாகவே கணக்கில்லை. சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அசாம் லக்சாவின் குழம்பு மீனில் செய்தது, தேங்காய்ப்பால் விட்ட சியாம் லக்சாவிலும் மீனும் பெலாச்சானும் உண்டு. மாமாக் கடையில் மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் ரொட்டிக்கு எந்தக் குழம்பு ஊற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீனர்களின் சைவக் கடைகள் சீக்கிரம் மூடிவிடும்.

பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை ஓட்டாதீர்கள். அறைக்குப் போய்க் குளித்து, உடுப்பை அலசிக் காயவைத்துவிட்டுத் தூங்குங்கள். அறையை முன்கூட்டியே பேசும்போது சைக்கிளை உள்ளே வைக்கலாமா என்று கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். ஒரு தடவை, உள்ளே இடம் உண்டு என்று தொலைபேசியில் சொன்ன ஒரு தங்குமிடத்தில், நேரில் போனபோது வாசல் கம்பியில் கட்டச் சொன்னார்கள். இரவெல்லாம் தெருவில் கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். இப்போதெல்லாம் குறுஞ்செய்தியில் எழுத்தாகவே வாங்கிவிடுகிறேன்.

ஐந்து மணிக்குப் பாரம் எல்லாவற்றையும் அறையில் விட்டு, வெறும் சைக்கிளை எடுங்கள். காலை முழுவதும் சுமந்த பிறகு சைக்கிள் தானாக ஓடுவது போல இருக்கும். மேற்கே சுங்கை பூரோங் பக்கம் வயல்களுக்கு நடுவே சாலை தட்டையாகப் போகிறது. கொக்குகள், நீர்க்கால்வாய்கள், மோட்டாரில் பள்ளிப் பிள்ளைகள். மாலிண்டோ கடற்கரையில் மணல் அழகாக இருக்காது, குளிக்கவும் லாயக்கில்லை. ஆனால் சூரியன் நேராகக் கடலில் இறங்கும். ஜார்ஜ் டவுன்காரர்கள் தங்கள் கடலில் பார்க்க முடியாத காட்சி இது. அவர்கள் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடுங்கள். விளக்கு எரியட்டும். வயல் சாலையில் நாய்கள் உண்டு. துரத்தினால் மிதிப்பதை நிறுத்தி, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

ஞாயிற்றுக்கிழமை

மலை கிழக்கே இருப்பதால் பாலிக் புலாவுக்கு வெயில் தாமதமாக வருகிறது. ஊரில் ஏழரைக்குத் தலைகாட்டும் சூரியன் இங்கே மலைமுகட்டைத் தாண்டி வயலுக்கு வர எட்டு மணியைத் தாண்டும். நான்கு மணி நேரத்தில் தீவைச் சுற்றுகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. ஆறரைக்குக் கோப்பி, ஏழு மணிக்கு மறுபடி வயல்வெளி. இந்தத் தடவை தெற்கே, மீன்பிடிப் படகுகள் ஒதுங்கும் பூலாவ் பெத்தோங் வரை. அங்கே சாலை முடிந்துவிடும், வந்த வழியே திரும்ப வேண்டும். இந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் நேற்று அத்தனையும் சுமந்து வந்தோம்.

அறைக்குத் திரும்பி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒன்பதரைக்குள் தெற்கே கிளம்பிவிடுங்கள். கெந்திங்கில் ஓர் ஏற்றம் இருக்கிறது. நேற்றையதைவிடச் சிறியது, ஆனால் நிழல் குறைவு. மூங்கில் போல் நிமிர்ந்து ஏற வேண்டாம். சின்னக் கியரில் நத்தை போல ஏறினால் போதும். வரைபடத்தில் துன் சார்டோன் சாலை வழியாக மலையைக் குறுக்கே வெட்டி ரெலாவ் பக்கம் இறங்கலாம் என்று தெரியும். தூரம் மிச்சம், கால்கள் மிச்சமிருக்காது. களைத்தவர்களுக்கு அந்தக் குறுக்கு வழியைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் பாலிக் புலாவிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. அவசரத்துக்கு 999. சைக்கிள் ஒத்துழைக்கவில்லை என்றால் சக்கரங்களைக் கழற்றி ஆறு இருக்கை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் இரண்டு தடவை அப்படி வந்திருக்கிறேன். பேருந்தை நம்ப வேண்டாம். முழுச் சைக்கிளை ஏற்றுவதில்லை.

தெலுக் கும்பாரில் கடல் மறுபடி தெரியும். விமான நிலையத்தைத் தாண்டியதும் சாலை பெரிதாகிவிடுகிறது, அழகு போய்விடுகிறது. இங்கே சொல்ல அதிகமில்லை: இடப்பக்கம் ஒட்டி ஓட்டுங்கள், சந்திப்புகளில் அவசரப்படாதீர்கள், தாகத்துக்கு நிறுத்துங்கள். கிழக்குக் கரை வந்ததும் நெடுஞ்சாலையை ஒட்டிக் கடலோரமாகச் சைக்கிள் பாதை விட்டுவிட்டு வருகிறது. கிடைக்கும் இடமெல்லாம் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1985-இல் திறந்த முதல் பாலத்தின் அடியில் போகும்போது ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரம் எதிரே தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

படுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். இரண்டு நாள் கடற்காற்றில் ஓடிய சைக்கிள் அது. அப்படியே விட்டால் அடுத்த சனிக்கிழமைக்குள் துருப்பிடித்துவிடும்.